பிறந்தும் சாப்பிடாதவன், பிறக்காமலே சாப்பிட்டவன்

“…மாட்டை வித்துட்டு மூக்கணாங்கயித்த மட்டும் கையில புடிச்சினு நிக்கலாமாங்க? வித்தது வித்ததுதான். அது அவ புள்ள இல்ல, எம் புள்ள” என்று அந்த அக்கா பேசி முடித்தபோது நர்ஸம்மா என்னைப் பார்த்தார். நான் டேப்லெட்டைப் பார்த்தேன். டேப்லெட் யாரையும் பார்க்காமல் நடுவில் ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தது. மலையில் சிக்னல் அப்படித்தான். பெரியவர்கள் பேசி முடிக்கட்டும் என்று ஓரமாக நிற்கும்.

அங்கன்வாடி வாசலில், புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அந்த ஊரில் சிக்னல் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். அதனால் ஊர்ப் பேச்சு எல்லாமே, ரகசியம் உட்பட, அந்த மரத்தடியில்தான் நடக்கும். பேசிய அக்கா பருத்த உடம்புக்காரர். ஐந்து பிள்ளை பெற்றவர். ஐந்தும் மழையில் கழுவிவிட்ட பாறாங்கல் மாதிரி இருக்கும். அவர் ‘அவ’ என்று சொன்னது பக்கத்து வீட்டுப் பெண்ணை. அவள் ஒல்லி. கொஞ்சம் தள்ளித் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். விற்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட பிள்ளை நாலு வயசுப் பையன். அவன் அந்த ஒல்லிப் பெண்ணின் முந்தானையைக் கடித்தபடி, அவளுடைய மூக்கையே தன் முகத்திலும் வைத்துக்கொண்டு, என் பையின் ஜிப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

“இது யாரு பையன்மா?” என்று நர்ஸம்மா ஒல்லிப் பெண்ணை மறுபடி கேட்டார்.

“பக்கத்து வூட்டுப் பையனுங்க” என்றாள் அவள், தரையைப் பார்த்து.

“எங்க தூங்கறான்?”

“எங்க வூட்ல.”

“எங்க சாப்பிடறான்?”

“எங்க வூட்லதாங்க.”

“பால் குடுத்தது யாரு?”

“நான்தாங்க. பக்கத்து வூட்டுப் புள்ள பசில அழுதா பாத்துகினு இருக்க முடியுமா?”

நர்ஸம்மா வாணியம்பாடிக்காரர், வீட்டில் உருது பேசுகிறவர். தோல் வியாபாரக் குடும்பம். தோலைத் தடவிப் பார்த்தே தரம் சொல்கிற அப்பாவின் மகள். அப்பா தோலின் தரத்தைக் கண்டுபிடிப்பதைவிட வேகமாக இவர் பொய்யைக் கண்டுபிடிப்பார். ஆனால் இது பொய் மாதிரியும் இருக்கிறது, பொய் இல்லாத மாதிரியும் இருக்கிறதே என்று அன்றைக்கு அவர் முகமே திகைத்துப்போனது.

நான் எதற்கு அங்கே போய் உட்கார்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் படித்தது பத்தாவது வரைக்கும். ஜமுனாமரத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். மெஷின் படுத்துக்கொண்டால் கீழே இருந்து ஆள் வர வேண்டும். ஆள் மலை ஏறி வருவதற்குள் வாரச் சந்தையே கூடிக் கலைந்துவிடும். அதனால் நானே மூடியைத் திறந்தேன். திறந்தவளுக்கு மூடத் தெரிந்தது. கம்ப்யூட்டரையும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். திட்டிக்கொண்டே தட்டினால் எதுவும் வரும். ஜெராக்ஸ் எடுக்க வந்த சுகாதாரத்துறை ஆபீசர் ஒருவர் ஒரு நாள், “பிள்ளைங்க கணக்கை ஒண்ணாக்கற வேலை ஒண்ணு இருக்குது, வர்றீங்களாம்மா?” என்று கேட்டார். பிள்ளைகள் என்றால் பேசிக்கொண்டிருக்கலாமே என்று சரி என்றேன்.

வேலை இதுதான். மலையில் ஒரு பிள்ளைக்கு மூன்று இடத்தில் கணக்கு இருக்கும். பிறந்த விவரமும் ஊசிகளும் நர்ஸ் போனில் இருக்கும். எடை, உயரம், சாப்பாடு எல்லாம் அங்கன்வாடி டீச்சர் போனில். கண், காது, பல் பார்க்க வருகிற டாக்டர் வண்டியின் டேப்லெட்டில் மூன்றாவது. மூன்றும் ஒரே பிள்ளைதான் என்று அந்தப் பிள்ளையைத் தவிர யாருக்கும் தெரியாது. போதாக்குறைக்கு எங்கள் பெண்கள் பிரசவத்துக்குத் தாய் வீடு போவார்கள். தாய் வீடு வேறு மாவட்டமாக இருக்கும். மாவட்டத்துக்கு மாவட்டம் கம்ப்யூட்டர்கள், கல்யாணத்தில் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி, ஒன்றோடு ஒன்று பேசிக்கொண்டதே இல்லை. இப்போதுதான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து, பிள்ளைக்கு ஒரே எண் கொடுத்து, எது எவருடையது என்று சேர்த்துக்கொண்டிருந்தோம்.

சேர்க்கும் வேலையைக் கல்யாணத் தரகர் வேலை என்றுதான் நான் சொல்வேன். மெஷின் இரண்டு ஜாதகத்தை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும். ஊர்ப் பொருத்தம் பார்க்கும், பிறந்த நாள் பொருத்தம் பார்க்கும், தாய்ப் பொருத்தம் பார்க்கும். எல்லாம் பொருந்தினால் தானே முடித்துவிடும். ஒன்று இடித்தால் என்னைக் கேட்கும். நான் நேரில் போய்க் கேட்டுவிட்டு வந்து முடித்துவைப்பேன்.

முடித்துவைத்ததில் சில நல்ல காரியங்களும் நடந்தன. ஒரு பெண் குழந்தையைப் பற்றி டீச்சர், ‘விளையாட்டில் கவனம் இல்லை, தடுக்கி விழுகிறாள்’ என்று எழுதியிருந்தார். டாக்டர் வண்டியில், ‘கண் பரிசோதனை செய்ய வேண்டும், குழந்தை மறுபடி வரவில்லை’ என்று இருந்தது. இரண்டும் தனித்தனியாக இருந்தவரை அவள் கவனமில்லாதவள். சேர்த்துப் பார்த்த பிறகுதான் அவளுக்குக் கண்ணாடி வந்தது. கண்ணாடி போட்ட முதல் நாள் அவள் அம்மாவைப் பார்த்து, “உனுக்கு மீசை கீது” என்றாளாம். அந்த அம்மா என்னிடம் வந்து, கண்ணாடியைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

இந்தப் பையன் விஷயத்தில் மெஷின் இரண்டு பையன்களைக் காட்டியது. ஒருவன் ஒடுகத்தூர் பக்கத்து ஆஸ்பத்திரியில் பிறந்திருக்கிறான். எடை, ஊசி, காதுப் பரிசோதனை எல்லாம் இருக்கிறது. ஆனால் ஊருக்கு வந்த பிறகு அங்கன்வாடியில் ஒரு கவளம் சாப்பிட்டதாகக் கணக்கில்லை. இன்னொருவன் அதே ஊர், அதே பிறந்த நாள். அங்கன்வாடியில் தவறாமல் சாப்பிடுகிறான், முட்டை போடுகிற நாளில் முதல் ஆளாக நிற்கிறான். ஆனால் பிறந்த இடமே காணோம். ஒருவன் பிறந்தும் சாப்பிடாதவன், மற்றவன் பிறக்காமலே சாப்பிடுகிறவன். தாய்ப் பொருத்தம் மட்டும் இல்லை.

‘தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு’ என்பார்கள். இங்கே வாயும் வயிறும் ஒன்றாக இருந்து தாய்தான் இரண்டு பேராக இருந்தார்கள்.

அதனால்தான் இந்த மலைக்குப் புதிதாக மாற்றலாகி வந்த நர்ஸம்மாவும் நானும் கிளம்பிப் போனோம். போன இடத்தில்தான் அக்கா மாட்டையும் மூக்கணாங்கயிற்றையும் எடுத்து எங்கள் முன்னால் போட்டார்.

“வித்ததுன்னா? யாருக்கு? எதுக்கு வித்தீங்க?” நர்ஸம்மா குரல் போலீஸ் குரலாகிவிட்டது.

“ஒரு படி சாமைத் தவிட்டுக்கு” என்றார் அக்கா, நிதானமாக.

நர்ஸம்மா எழுந்தேவிட்டார். நான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்று எங்கள் பக்கம் உண்டு என்றேன்.

அக்கா விளக்கினார். பெற்ற பிள்ளை தங்காமல் போகிற வீட்டில், அடுத்துப் பிறக்கிற பிள்ளையை, நிறையப் பெற்று எல்லாம் தங்கின ஒருத்தி விலைக்கு வாங்கிக்கொள்வாள். விலை ஒரு படி தவிடு. அதைவிட உயர்ந்ததாக இருக்கக் கூடாது.

“வெல ஒசந்ததா இருந்தா கண்ணு படும் இல்லீங்களா? தவிட்டுக்கு வாங்கினத எந்தக் கண்ணு திரும்பிப் பாக்கும்? எந்த நோவா இருந்தாலும், ‘இது இன்னா, தவுட்டுச் சரக்கா’ன்னுட்டு அடுத்த வூட்டுக்குப் பூடும்.”

“அடுத்த வீடு உங்களுதுதானே?” என்றேன்.

“எங்க வூட்டுக்கு வந்தா இடமில்லன்னு அதுவே பூடும்” என்றார்.

பல ஊர்களில் மொட்டையடிக்கும்போது தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்வார்கள். இந்த ஊர்க் கட்டுப்பாடு வேறு. பிள்ளை, யாரும் சொல்லிக் கொடுக்காமல், பெற்றவளைத் தானாக அம்மா என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்ட அன்றைக்கு விற்பனை ரத்து. அதுவரைக்கும் பெற்றவள் வாயால் ‘என் பிள்ளை’ என்று சொல்லக் கூடாது. சொன்னால், ஏமாந்து போன நோவு, ‘ஓஹோ, அப்படியா சேதி’ என்று திரும்பி வந்துவிடும். அங்கன்வாடியில் டீச்சர், “யாரு பையன்?” என்று கேட்டபோது அக்கா, “எம் புள்ள” என்றது அதனால்தான். வாங்கினவள் வேறு என்ன சொல்வாள்?

“அப்போ ஊசிக்கு?” என்றார் நர்ஸம்மா. “ஊசியெல்லாம் கீழ போட்டிருக்கியே, உன் பேர்ல. அங்க இன்னான்னு சொல்வ?”

“ஒண்ணும் சொல்ல மாட்டங்க” என்றாள் பெற்றவள். “எங்கம்மா வூட்டுக்குப் போவேன். அட்டைய நீட்டுவேன். குத்துவாங்க. அவன் அழுவான், நானும் அழுவேன், வந்துடுவோம்.”

சாதாரணமாகப் பிள்ளைகள் ஒரு வயசிலோ ஒன்றரை வயசிலோ அம்மா என்று கூப்பிட்டுவிடும், தவிடும் திரும்பிவிடும். இவனுக்கு நாலு வயசு.

“இன்னும் கூப்பிடலையா?” என்றேன்.

“இவன் யாரையும் கூப்புடலீங்க” என்றார் அக்கா. “அவனா கூப்புடறவன்? பெரிய ஜமீன். நாமதான் போவணும்.”

சிக்னல் வந்தது. இரண்டு பையன்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றார்கள். நான் வாய்விட்டுப் படித்தேன். பிறந்த ஆஸ்பத்திரியில்: ‘இரண்டு காதிலும் பதில் இல்லை, மறுபடி பார்க்க வேண்டும்.’ மறுபடி யாரும் பார்க்கவில்லை, பிள்ளை மலை ஏறிவிட்டது. அங்கன்வாடியில்: ‘நன்றாகச் சாப்பிடுகிறான். பிடிவாதம் அதிகம். கூப்பிட்டால் வருவதில்லை. பேச்சு இன்னும் வரவில்லை.’ டாக்டர் வண்டியில்: ‘குழந்தை ஒத்துழைக்கவில்லை.’

நர்ஸம்மா குனிந்து பையனின் முகத்தைப் பார்த்தார். பிறகு, “இவனுக்குக் காது கேக்கலம்மா” என்றார்.

மரத்தடி சிரித்தது. உண்மையாகவே சிரித்தார்கள். சிக்னலுக்கு வந்தவர்கள், டீச்சர், அக்கா எல்லோரும். பெற்றவள் மட்டும் சிரிக்கவில்லை.

“இவனுக்கா? கேக்காதா?” என்றார் டீச்சர். “அவங்கப்பா… அதாவது பக்கத்து வூட்டுக்காரரு பைக் வந்தா மொதல்ல ஓடறது இவன்தானுங்க.”

“திருவிழால பம்பை அடிச்சா இவன்தான் மொத ஆட்டம்” என்றார் போனில் பேசிக்கொண்டே இருந்த ஒருவர், போனை மூடாமலே. “காது கேக்காதவன் தாளத்துக்கு ஆடுவானா? எங்க மாமனுக்கு காது நல்லா கேக்கும், ஆடவே வராது.”

“கூப்புட்ட ஒடனே திரும்பறது வேலக்காரன்” என்றார் அக்கா. “ரெண்டு வாட்டி யோசிச்சுத் திரும்பறவன் மொதலாளி.”

நர்ஸம்மா யாரோடும் வாதாடவில்லை. பையன் ஜிப்பில் மூழ்கியிருந்தான். அவர் அவன் பின்னால் போய், நிழல் விழாத பக்கமாக நின்று, அங்கன்வாடி எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கரண்டியால் ஓங்கி அடித்தார். மரத்தில் இருந்த காக்கை பறந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் எழுந்து அழுதார்கள். போனில் பேசிக்கொண்டிருந்தவர், “ஒண்ணுமில்ல, தட்டு” என்று போனுக்குச் சமாதானம் சொன்னார். பையன் ஜிப்பை மேலே இழுத்தான். கீழே இழுத்தான்.

“பைக்கு அதிருதும்மா” என்றார் நர்ஸம்மா. “பம்பை அதிருது. பூமி வழியா காலுக்கு வருது. அதுக்குத்தான் ஓடறான், ஆடறான். கெட்டிக்காரப் புள்ள. காதைத் தவிர எல்லாத்தாலயும் கேக்கறான்.”

அப்போதுதான் அக்கா ஒரு காரியம் செய்தார். காலடியில் கிடந்த புளியங்கொட்டை ஒன்றை எடுத்துப் பையன் முழங்காலில் சுண்டினார். அவன் உடனே திரும்பி, தன் இரண்டு கன்னத்தையும் பலூன் மாதிரி ஊதிக் காட்டினான். அது பருத்த அக்காவைத்தான் என்று மரத்தடியில் எல்லோருக்கும் புரிந்தது. இவ்வளவு நாள் அக்கா அவனைக் கொட்டை சுண்டித்தான் கூப்பிட்டிருக்கிறார். யாருக்கும் தோன்றாதது அவர் விரலுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அவர் காதுக்கு அது இன்றைக்குத்தான் எட்டியது.

“சரி. இப்ப இன்னா பண்ணணும்?” என்றார். சிரிப்பு அவர் முகத்தில் இல்லை.

நர்ஸம்மா சொன்னார். கீழே பெரிய ஆஸ்பத்திரியில் காதுக்கு உள்ளே ஒரு மெஷின் வைப்பார்கள். அதோடு பேச்சுப் பயிற்சி. செலவு அரசாங்கத்தோடது. ஆனால் சின்ன வயசிலேயே வைக்க வேண்டும். வயசு ஏறிவிட்டால் வைத்தும் பேச்சு பிடிக்காது. இவன் ஏற்கெனவே நேரம் கடந்து வந்திருக்கிறான், இனி ஒரு மழைக்காலம்கூடச் சும்மா விடக் கூடாது.

“அப்ப கூட்டினு போங்க” என்றார் அக்கா.

இங்கேதான் என் டேப்லெட் குறுக்கே வந்தது. பிறப்பும் ஊசியும் காதுப் பரிசோதனையும் பெற்றவள் பேரில் இருந்தன, காப்பீட்டு அட்டையும் அவள் பேரில். நாலு வருஷக் கணக்கு அக்கா பேரில். இரண்டும் ஒருவன்தான் என்று சேர்ந்தால்தான் ஆஸ்பத்திரிக்கு விவரம் முழுசாகப் போகும், செலவும் அட்டையில் ஏறும். சேர்ப்பதற்குப் பெற்றவள் சம்மதிக்க வேண்டும். ‘இந்தக் குழந்தை உங்களுடையதா?’ என்று மெஷின் கேட்கும். நான் படித்துக் காட்டுவேன். தாய் ஆம் என்பாள். பிறகு ரேஷன் கடையில் வைப்பது போலச் சின்ன டப்பாவில் கட்டைவிரல் ரேகை. எல்லாத் தாய்மாருக்கும் இதுதான் இருப்பதிலேயே சுலபமான கேள்வி. சிலர் நான் படித்து முடிப்பதற்குள், “அந்தாண்ட வூட்டுதா பின்ன?” என்று என்னைக் கேலி செய்வார்கள்.

நான் படித்தேன். “இந்தக் குழந்தை உங்களுடையதா?”

பெற்றவள் என்னைப் பார்த்தாள். பையனைப் பார்த்தாள். “எனக்கு முன்ன ரெண்டு, தங்கலீங்க” என்றாள். “மொதலுக்கு நடக்கற வயசு. ரெண்டாவதுக்கு அதுகூட இல்ல.” அவ்வளவுதான் சொன்னாள். பிறகு, “பக்கத்து வூட்டுப் பையனுங்க” என்றாள். அதை அவள் சொன்ன மாதிரி எந்தத் தாயும் ‘என் பிள்ளை’ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

நர்ஸம்மா தன்னால் ஆன எல்லாம் சொல்லிப் பார்த்தார். நோய்க்குக் காது கிடையாது, நீ சொல்வது அதுக்குக் கேட்காது என்றார். டீச்சர் கொஞ்சம் அதட்டிப் பார்த்தார். நான் ஆபீசுக்குப் போன் போட்டு, ஆம், இல்லை என்ற இரண்டு கட்டத்துக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் வைக்க முடியுமா என்று கேட்டேன்.

“மூணாவது கட்டத்துல இன்னாம்மா எழுதறது?” என்றது ஆபீஸ்.

“‘பக்கத்து வீட்டுப் பிள்ளை, ஆனா நான்தான் பெத்தேன்’னு சார்.”

ஆபீஸ் போனை வைத்துவிட்டது.

“நீங்க திருப்பி வித்துடுங்களேன்” என்று அக்காவிடம் கேட்டேன். “தவிட்டை நான் வாங்கித் தர்றேன்.”

“நான் இன்னிக்கே விப்பேன்” என்றார் அக்கா. “வாங்கறவளுக்குத் துணிச்சல் வேணாமா? பையன் கூப்புடாம வாங்கினா செல்லாதுன்னு அவ நெனைக்கறா. பையன் மெஷின் வெச்சாத்தான் பேசுவான். அவன் பேசினாத்தான் இவ வாங்குவா. இவ வாங்கினாத்தான் மெஷின் வைப்பாங்க. செக்குமாடு கதையால்ல கீது?”

மரத்தடி யோசித்தது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் பூசாரியைக் கேட்கலாம் என்றார். பூசாரி தேன் எடுக்கக் காட்டுக்குள் போயிருக்கிறார் என்றார் இன்னொருவர். போன்காரர், பையன் தூங்கும்போது ரேகை எடுத்துவிடலாமே என்றார். பையன் ரேகையை யார் கேட்டது என்று டீச்சர் கேட்டதும் மறுபடி போனுக்குள் போய்விட்டார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அன்றைக்கு மூட வேண்டிய அவசியமும் எனக்கு இருக்கவில்லை, ஏனென்றால் சிக்னல் போய்விட்டிருந்தது.

அக்கா மட்டும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பையனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்னொரு புளியங்கொட்டையைச் சுண்டினார். அவன் திரும்பினான். கன்னத்தை ஊதினான். அக்கா தலையசைத்து, டீச்சரைக் கையால் காட்டி, “யாரு?” என்பது போல விரலை விரித்தார்.

பையன் இரண்டு உள்ளங்கையையும் குவித்து முட்டை மாதிரி வைத்தான். டீச்சருக்கு முகம் மலர்ந்தது. “முட்டை நான்தான்” என்றார் எல்லோரிடமும்.

அக்கா நர்ஸம்மாவைக் காட்டினார். பையன் தன் மேல்கையை வெடுக்கென்று கிள்ளிக்கொண்டு முகத்தைச் சுளித்தான். “அரே, நான் உனக்கு ஊசியே போடலியே பேட்டா” என்றார் நர்ஸம்மா. வெள்ளைச் சேலையைப் பார்த்து முடிவு செய்திருக்கிறான். என்னைக் காட்டினார். அவன் கொஞ்சம் யோசித்து, காற்றில் ஒரு ஜிப்பை இழுத்தான். எனக்கு அன்றைக்குத்தான் பேர் வைத்தான். சொல்கிறேனே, எனக்குப் பெற்றவர்கள் வைத்த பேரைவிட அது நன்றாக இருந்தது.

கடைசியில் அக்கா, பக்கத்து வீட்டுக்காரியைக் காட்டினார்.

பையன் யோசிக்கவே இல்லை. சுட்டுவிரலால் தன் மூக்கின் ஓரத்தைத் தொட்டான். மூக்குத்தி இருக்கும் இடம். தொட்டுக்கொண்டே எழுந்துபோய் அவள் மடியில் உட்கார்ந்தான்.

“மூக்குத்தி போட்டவங்கன்னு சொல்றான்” என்றார் டீச்சர்.

“எனக்குந்தான் மூக்குத்தி கீது. எனக்கு இன்னாத்துக்குக் கன்னத்த ஊதறான்?” என்றார் அக்கா. “உனக்கும் கீது, உனக்கு முட்டை. மூக்கத் தொடறது அவ ஒருத்திக்குத்தான். பசிச்சா மூக்கத் தொடறான். வுழுந்தா மூக்கத் தொட்டுகினே ஓடறான். போன மாசம் ஜொரத்துல கண்ணத் தொறக்காம கெடந்தான். அப்பவும் மூக்கத்தான் தொட்டான். நான் பக்கத்துலதான இருந்தேன். எனக்கு ஒரு வாட்டியாவது கன்னத்த ஊதினானா? அம்மான்னா வேற இன்னாங்க?”

நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“யாராச்சும் சொல்லிக் குடுத்தீங்களா?” அக்கா சுற்றிலும் கேட்டார். “டீச்சர், நீ சொல்லிக் குடுத்தியா? ஏம்மே, நீ சொல்லிக் குடுத்தியா?”

பெற்றவள் இல்லை என்று தலையாட்டினாள்.

“தானாதான் கூப்ட்டான். எவ்ளோ நாளா கூப்ட்டுனு கீறானோ. நாமதான் அவன் வாயப் பாத்துகினு உக்காந்து இருந்தோம். செவுடு அவனா, நாமளா?”

சிக்னல் வந்தது. இரண்டு பையன்களும் திரையில் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றார்கள். நான் கேள்வியை இன்னொரு முறை படித்தேன். இந்தத் தடவை என் குரல் கொஞ்சம் இறங்கித்தான் போயிருந்தது. ரேகை டப்பாவில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. அது கொஞ்ச நேரம்தான் எரியும், அணைந்தால் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பெற்றவள் பையனின் விரலை அவன் மூக்கில் இருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். நிமிர்ந்தாள். நாலு வருஷமாக உள்ளேயே இருந்த சொல் அவள் தொண்டைக்கு வந்துவிட்டது எங்களுக்குத் தெரிந்தது. அதன் பின்னாலேயே பயமும் வந்தது. உதடு திறந்தபடியே நின்றது.

அக்கா இருந்த இடத்தை விட்டு எழுந்தார். வந்து அவளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“வாயால வேணாம்மே” என்றார். “அவன் வாயில்லாம கூப்ட்டான். நீயும் வாயில்லாமலே சொல்லு.”

சொல்லிவிட்டு, இடது கையால் அவள் வாயைப் பொத்தினார். வலது கையால் அவள் கட்டைவிரலைப் பிடித்துத் தன் முந்தானையில் அழுத்தித் துடைத்து, விளக்கு அணைவதற்குள் டப்பாவின் மேல் கொண்டுபோய் வைத்தார்.